அந்த வார்டில் நான் கொடுத்த வாக்கு

டாக்டர் வசந்தா இறந்த செய்தியை எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் மும்தாஜ் தொலைபேசியில் சொன்னபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். "டாக்டரம்மா காலையில போயிட்டாங்கக்கா. அஞ்சலிக் கூட்டத்துல படிக்க நீங்கதான் எழுதித் தரணும். குழந்தைங்க வார்டுல அவங்க கூடவே இருந்தது நீங்கதானே" என்றாள். மீதி மீனையும் கழுவி முடித்தேன். அழுகை வரவில்லை.

அவரிடம் பதினோரு ஆண்டுகள் நர்ஸாக இருந்தேன். உங்களில் பலருடைய பிள்ளைகளைப் பிழைக்க வைத்தவர். ஊசி போடும் முன் குழந்தையின் கண்ணைப் பார்த்து, "வலிக்கும். பொய் சொல்லமாட்டேன்" என்பார். அதற்காகவே அவரை நம்பினேன்.

ஈழத்தில் போர் மறுபடி மூண்ட சமயம். திருமலைராயன்பட்டினம் கரைக்கு வந்த படகிலிருந்து ஒரு தாயையும் ஆறு வயது மகளையும் மீனவர்கள் ஆட்டோவில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். தாய் யோகமலர், பிள்ளை தர்சினி. பிள்ளையின் தொடையில் ஷெல் துண்டு தங்கிச் சீழ் பிடித்திருந்தது. உடனே அறுவை செய்தாக வேண்டும். அவளுடைய வகை ரத்தம் எங்களிடம் இல்லை. தாயின் ரத்தமும் சேரவில்லை.

"அப்பா எங்க?" என்று கேட்டதற்கு யோகமலர், "அவர் இல்லை" என்று மட்டும் சொன்னாள். டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். "அந்தம்மா எதையோ மறைக்கிறாங்க செல்வி. உன்கிட்டதான் பேசுவாங்க. இங்க சொல்றது வெளியில போகாதுன்னு சொல்லு."

சொன்னேன். என் பிள்ளைகள் மேல் ஆணையாகச் சொன்னேன். அவள் மகளின் போர்வையை இழுத்து மூடினாள். பிறகு, "அவர் நெரவியில ஒரு வயல் மோட்டார்க் கொட்டிலுக்க ஒளிச்சு இருக்கிறார் அக்கா. இயக்கம் பிடிச்சுக்கொண்டு போய் பங்கர் வெட்ட விட்டது. தெரிஞ்சால் புலியெண்டு இங்க சிறப்பு முகாமில அடைச்சுப் போட்டிடுவினமாம்" என்றாள்.

அதை டாக்டரிடம் மட்டும் சொன்னேன்; ஆளனுப்பியதும் மறுநாள் தர்சினியின் அப்பா வந்தார். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். ரத்தம் சேர்ந்தது. அறுவை முடிந்து வெளியே வந்த டாக்டர் அவர் தோளில் தட்டி, "உங்க ரத்தம்தான் காப்பாத்திச்சு" என்றார். அவர் தரையில் உட்கார்ந்து அழுதார்.

மூன்றாம் நாள், மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தவரைப் போலீஸ் வந்து அழைத்துப்போனது. போகும்போது அதிகாரி எல்லோர் முன்னிலையிலும் டாக்டரிடம், "தகவல் கொடுத்ததுக்கு நன்றி மேடம்" என்றார். யோகமலர் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் சொன்னபடியாலதானே அக்கா நான் சொன்னனான்."

டாக்டரின் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் தலை நிமிராமல் பேசினார். "மறைச்சோம்னு தெரிஞ்சா, நாளைக்குப் படகுல வர்ற பிள்ளைங்கள இங்க சேர்க்கவே விடமாட்டாங்க. ஒரு ஆளா, அத்தனை பிள்ளைங்களான்னு பார்த்தேன்."

"அத முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே மேடம்?"

"சொல்லியிருந்தா நீ அவங்ககிட்ட கேட்டிருக்கமாட்டே."

அதன் பிறகும் படகுப் பிள்ளைகள் வந்தார்கள். டாக்டர் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை, அதை மறுக்கமாட்டேன். ஆனால் நடந்தது அகதி முகாம்களில் பரவியிருந்தது. ஒரு தாய், மகனுக்கு வலிப்பு வரும் என்பதையே எங்களிடம் மறைத்தாள். அவன் கட்டிலில் துடித்தபோதுதான் தெரிந்தது. மயிரிழையில் பிழைத்தான்.

தான் ஓய்வுபெற்ற நாளில், மாலையோடு நின்ற டாக்டர் என்னிடம் மெல்லக் கேட்டார்: "அந்தப் பிள்ளை நடக்குதா செல்வி?"

நான் முகாமுக்குப் போய்ப் பார்த்திருந்தேன். தர்சினி குழாயடியில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள். தகப்பன் இன்னும் வந்து சேரவில்லை. யோகமலர் என்னைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இதில் எதையும் நான் டாக்டரிடம் சொல்லவில்லை. "தெரியாது மேடம்" என்றேன். அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு.

அவரால் பிழைத்த பிள்ளைகளின் பெற்றோர் இங்கே இருப்பீர்கள். நீங்கள் அழுவது நியாயம். எனக்கு அவர் விட்டுப்போனது வேறு. இப்போதும் அதே வார்டில்தான் இருக்கிறேன். எந்தத் தாயிடமும் "பயப்படாம சொல்லுங்க" என்று நான் சொல்வதில்லை. "நான் சொல்லமாட்டேன், மத்தவங்களுக்கு நான் பொறுப்பில்லம்மா" என்கிறேன். சிலர் அதைக் கேட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். நான் வற்புறுத்துவதில்லை.