வெள்ளைப் பாம்பின் கறுத்த கண்

இன்று கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தும் நண்பர், தான் வாங்கிய வெளிநாட்டு மலைப்பாம்பைக் காட்டினார். பந்துபோலச் சுருண்டுகொள்வதால் ‘பால் பைத்தான்’ (Ball Python) என்று பெயர். உடம்பு முழுக்க வெள்ளை.

“அல்பினோ அண்ணாச்சி. வீட்டுல இருக்க அல்பினோ பொட்டையோட சேத்தா குட்டி அத்தனையும் அல்பினோவாம்.”

கிடா வாங்குகிறவன் போல நான் கண்ணைத்தான் பார்த்தேன். கறுப்பு. பிறவியிலேயே நிறமி இல்லாத அல்பினோவுக்குக் கண் சிவந்திருக்க வேண்டும்.

“இது அல்பினோ இல்ல தம்பி. சேத்தா ஏமாந்துபோவ.”

“நீங்க எத்தன பாம்பு வளத்திருக்கிய?”

“ஒண்ணும் வளக்கல. நெட்டுல ஆயிரம் பாத்திருக்கேன்.”

உடனே விற்றவருக்குப் போன் போட்டார். “குளிருக்குக் கண்ணு கறுத்திருக்கும். வெயில் பட்டா செவந்திரும்” என்று பதில் வந்தது. நண்பர் நம்பிவிட்டார். பெட்டியை வெயிலுக்கு நகர்த்தினார்.

கோவில்பட்டியில் குளிராம்!

இந்த ஊரில் யாருக்காவது குளிரெடுத்திருந்தால் கீழே எழுதுங்கள். அந்தப் பாம்பை அல்பினோ என்று ஒப்புக்கொள்கிறேன்.