ஒகேனக்கல்லில் விற்ற சூயிங்கம்

யுத்த காலத்தில் தர்மபுரியில் எங்களுக்கு ஒரு சின்ன மிட்டாய்ப் பட்டறை இருந்தது. பட்டாளத்திலிருந்து லீவில் வந்த என் தம்பி சூயிங்கம் கொடுத்தான். அதை மென்று பார்த்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்கு அதே நினைப்பு. வத்தல்மலையிலிருந்து வரும் பலாப்பாலைக் காய்ச்சி, தேன்மெழுகும் வெல்லப்பாகும் சேர்த்துப் பிசைந்தார். ருசி வந்துவிட்டது, வடிவம் வரவில்லை. சூட்டில் கையோடு ஒட்டியது, ஆறினால் வெடித்தது. கடைசியில் சந்தகை, அதாவது இடியாப்பம், பிழியும் அச்சைப் போலப் பெரிதாக ஓர் இரும்புக் குழாய் செய்யச் சொல்லி, உள்ளே திருகு வைத்து, சுற்றிலும் வெந்நீர் நிற்கத் தகர உறை போட்டார். திருகைச் சுற்றச் சுற்ற, நாடா மாதிரி சீராக இறங்கியது.

இந்த முறைக்குப் பேட்டன்ட் வாங்கிவிட்டால் நம்மைக் கேட்காமல் வேறு யாரும் இப்படிச் செய்ய முடியாது என்றார். படம் வரையவும் விவரம் எழுதவும் மாதக்கணக்காயிற்று.

அதற்குள் ஆடிப்பெருக்கு வந்தது. அக்கா குடும்பத்தோடு ஒகேனக்கல் கிளம்பும்போது ஒரு டப்பா நிறைய சூயிங்கம் எடுத்துப்போனேன். அவரைக் கேட்கவில்லை. விற்றுக் காட்டி அசத்தலாம் என்ற ஆசை. மீன் வறுக்கும் கடைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விற்றேன். எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் திருகையும் வெந்நீர் உறையையும் பெருமையாக விவரித்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவரும் சந்தோஷப்பட்டார். எங்கள் இருவருக்குமே சட்டம் தெரியாது.

மனுப் போடச் சேலத்து வக்கீலிடம் போனபோது, கோயிலுக்கும் போய் வரலாமென்று என்னையும் கூட்டிப்போனார். வக்கீல் எல்லாவற்றையும் படித்துவிட்டு, இதை எங்காவது விற்றதுண்டா, செய்முறையை வெளியாட்களிடம் சொன்னதுண்டா என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே அது தப்பென்று எனக்குப் புரிந்தது. என் வீட்டுக்காரர் இல்லை என்று சொல்லிவிடமாட்டாரா என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

"வித்தோமுங்க. செய்யற விதத்தையும் சொல்லிட்டமுங்க," என்றார்.

ஊரறிந்த முறைக்குப் பேட்டன்ட் கிடைக்காது என்று வக்கீல் காகிதங்களைத் திருப்பித் தந்தார்.

கோயிலுக்குப் போகவில்லை. பஸ்ஸில் அவரிடம் கேட்டேன். "ஏங்க, இல்லைன்னு சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"பொய் சொல்லி வாங்கி என்ன பண்றது? நீ வித்ததுனாலதான் சனங்களுக்குப் புடிக்குதுன்னே தெரிஞ்சுது. வுடு."

திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரைப் பொய் சொல்லச் சொன்னதும் சேர்ந்து என்னை அறுத்தது.

அடுத்த வருஷமே சேலத்தில் ஒருவர் அதே மாதிரி இயந்திரம் வைத்துச் சூயிங்கம் போட்டார். எங்கள் சரக்கு தேங்கியது, நாங்கள் பழையபடி மிட்டாய்க்கே திரும்பினோம். பேட்டன்ட் என்னாயிற்று என்று உறவுக்காரர்கள் கேட்டால், தான் மனுப் போடத் தாமதித்துவிட்டதாகவே சொல்வார். கடைசிவரை அப்படியே சொன்னார். நானும் பக்கத்திலேயே நின்று, மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.