டான்யூபில் வந்த போன்

என் கணவரை எனக்குக் காதால்தான் தெரியும். கல்யாணம் முடிந்த கையோடு லீவும் முடிந்து பஹ்ரைனுக்குப் பறந்துவிட்டார். ஃபேமிலி விசா கிடைக்கும் வரை நாங்கள் குடும்பம் நடத்தியதெல்லாம் டெலிபோன் கார்டில். கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப் ரூமில் எல்லோரும் தூங்குவார்கள் என்று மொட்டைமாடிக்குப் போய் நின்று பேசுவார். கார்டு எப்போது தீரும் என்று சொல்ல முடியாது, பேச்சு நடுவிலேயே பட்டென்று அறுந்துவிடும். அதனால் அங்கே பலரும் செய்வதுபோல விடைபெறுவதை முதலிலேயே முடித்துவிடுவோம். "ஒடம்பப் பாத்துக்கோ, வச்சிருதேன்" என்றுதான் போனை ஆரம்பிப்பார். அதற்கப்புறம்தான் "சாப்ட்டியா?" வரும். பிறகு வாய் ஓயாது. ரூமில் பருப்பு கருகிய கதை, சைட்டில் பூனை குட்டி போட்ட கதை, கடல் இன்றைக்கு என்ன நிறத்தில் இருந்தது என்பது வரைக்கும் சொல்லுவார். நான் தென்காசியில் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

விசா வந்தது, பஹ்ரைனில் குதைபியா பக்கம் ஃப்ளாட்டும் வந்தது. போனில் பேசிய அந்த மனுஷனைத்தான் காணோம்.

ஃப்ளாட்டில் இருந்தவருக்கு மூன்றே வார்த்தைகள் தெரிந்திருந்தன: ம், சரி, டீ. டூட்டி விட்டு வருவார், டிவி முன்னால் உட்காருவார். நான் எதிரே போய் உட்கார்ந்தால் பார்வை என் தலைக்கு மேலே உள்ள காலண்டரில் நிற்கும். என்னைப் பிடிக்கவில்லையா, வேறு யாராவது இருக்கிறார்களா என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் ஊரில் சித்தி மகளுக்குக் கல்யாணம். போனால் திரும்பி வருவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். ஊரில் இருந்தால் போனிலாவது என் ஆள் எனக்குக் கிடைப்பாரே! இதை யாரிடமும் சொல்லவில்லை.

அப்போதுதான் மனாமாவில் நாங்கள் செயின் வாங்கிய நகைக்கடையின் குலுக்கலில் எங்களுக்குப் பரிசு விழுந்தது. புடாபெஸ்ட் நகரத்தில் தேனிலவு, டான்யூப் நதியில் படகுச் சவாரியும் சேர்த்து. கல்யாணமாகி இத்தனை காலம் கழித்துத் தேனிலவா என்று பக்கத்து ஃப்ளாட் அக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இதுதான் கடைசி, அங்கேயும் பேசாவிட்டால் ஊர்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பெட்டி கட்டினேன்.

அந்த ஊரில் எல்லாமே பாதித் தூக்கத்தில் பார்ப்பது போலிருந்தது. கல் பாவிய தெருக்கள், பச்சை பூத்த கோபுரங்கள், ஜன்னலுக்கு ஜன்னல் சிவப்புப் பூக்கள். ஜனங்கள் புல்லில் மல்லாந்து படுத்து வெயில் காய்ந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் வளைகுடா வழக்கம் மாறாமல் நிழல் விழுந்த ஓரமாகவே நடந்தோம். நிழல் மாறினால் அவரும் பேசாமல் தெருவைத் தாண்டுவார், நானும் பின்னாலேயே தாண்டுவேன். குன்றின் மேலிருந்த அரண்மனையில் நின்று கீழே நதியைப் பார்த்தோம்.

"நல்லாருக்கு" என்றார்.

"எது?"

"எல்லாம்."

கும்பிடு போடலாம் போலிருந்தது.

மாலையில் படகு ஏறினோம். எட்டு மணியாகியும் வெளிச்சம் போகவில்லை. வீட்டுச் சுவர்கள், பாலம், தண்ணீர் எல்லாம் தேன் பூசியதுபோல மஞ்சளாக இருந்தன. படகு நகர்வதே தெரியவில்லை, கரைதான் எங்களைக் கடந்து மெல்லப் போய்க்கொண்டிருந்தது. சுற்றிலும் ஜோடிகள் தோளில் தோள் சாய்த்துக் குசுகுசுத்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"எங்கிட்ட பேச ஒங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?"

அவர் தன் ஷூவைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, விருட்டென்று எழுந்து கீழ்த்தளத்துக்கு இறங்கிவிட்டேன்.

அங்கே தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. படகு கிழித்த அலைகள் கரைவரை போய் ஓய்ந்தன. அழுகையும் வரவில்லை, யோசனையும் ஓடவில்லை. ஊருக்குப் போய்விடலாம் என்பது மட்டும் நிதானமாக மனதில் இருந்தது. அப்போது கைப்பையில் போன் அடித்தது. அவர் நம்பர்.

"ஒடம்பப் பாத்துக்கோ, வச்சிருதேன்" என்றது குரல். பிறகு, "சாப்ட்டியா?"

"இல்ல" என்றேன்.

"அந்தா பாலம் வருது, பாரு. அதுக்கு ரெண்டு பக்கமும் சிங்கம் ஒக்காந்திருக்கு. எங்க போர்மேன் மாதிரியே மூஞ்சி."

நான் பக்கென்று சிரித்துவிட்டேன். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. கரையில் வந்த ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு கதை கட்டினார். காலையில் நான் உடுத்திய நீலச்சேலை அந்த ஊர் நதியைவிட நல்ல நீலம் என்றார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார், பாவி மனுஷன்!

"இத எல்லாம் பக்கத்துல இருக்கும்போது சொன்னா என்னவாம்?"

"வரமாட்டேங்குதே, நான் என்ன செய்ய? இருட்டுல, மொட்டமாடில, செவத்தப் பாத்துப் பேசியே பழகிட்டு. ஒன் மொகத்தப் பாத்தா பேச வந்தது மறந்துபோவுது. ஊருக்குப் போனா நீ திரும்பி வரமாட்டியோன்னு எனக்குத் தெனமும் பயமா இருக்கு. அதக் கேக்கவும் வாய் வரல."

போனைக் காதில் வைத்தபடியே மாடிப்படி ஏறினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி, நதியிடம் பேசிக்கொண்டிருந்தார். அருகில் போகப்போக அவர் குரல் எனக்கு இரண்டாகக் கேட்டது. முதலில் அவரிடமிருந்து, கொஞ்சம் பிந்தி போனிலிருந்து. நான் போனை அணைத்தேன்.

"ஹலோ? ஹலோ?" என்று பதறினார். "கார்டு தீந்துட்டோ?"

"தீரல" என்றேன், அவர் தோளுக்குப் பின்னாலிருந்து. "திரும்பாதீங்க. அந்தப் பக்கமே பாத்து, பேசுங்க."