ஆளில்லாத வீட்டுக்கு அறுபத்தெட்டு டிகிரி

வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகும்போது ஹீட்டரை ஓடவிட்டுப் போக வேண்டும் என்பது, நியூஜெர்சிக்கு வந்து இரண்டு குளிர்காலம் ஆன பின்னும் எனக்குப் பழகவில்லை. கதவருகே போனதும் கை தானாகச் சுவரைத் தேடுகிறது.

பள்ளிபாளையத்தில் எங்கள் வீட்டுக்குள்ளேயே விசைத்தறி ஓடும். பஞ்சுத் தூசியில் ஒரு பொறி விழுந்தால் போதும். எதிர்த்த தறிக்கொட்டகை அப்படித்தான் ஒரு மத்தியானத்தில் கரியானது. அதன்பிறகு, "மெயின எறக்கியாச்சா?" என்று இரண்டு முறை கேட்காமல் அப்பா வாசலைத் தாண்டியதில்லை. அந்த வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். பொறியியல் படித்து, விமானம் ஏறி, கம்ப்யூட்டர்களுக்கு இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் என்ன ஆகுமோ என்று ஆராயும் வேலைக்கு வந்தேன். அப்பாவின் பயமும் கூடவே வந்திருந்தது.

1999 டிசம்பரில் மகள் மூன்று வாரம் முன்கூட்டியே பிறந்தாள். அவளும் என் மனைவி பூங்கொடியும் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், அங்கே கிளம்பும்போதெல்லாம் தெர்மோஸ்டாட்டை அணைத்துவிட்டுத்தான் போனேன். வீட்டுச் சூடு இத்தனை டிகிரியில் நிற்க வேண்டும் என்று ஹீட்டருக்கு உத்தரவிடும் சுவர்ப் பெட்டி அது.

குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பு நர்ஸ் ஒரு தாளோடு வந்தார். குழந்தையை உட்காரவைக்கக் கார் சீட் இருக்கிறதா, தொட்டில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், வீட்டில் எத்தனை டிகிரி வைத்திருக்கிறீர்கள் என்றார். ஆள் இல்லாதபோது அணைத்துவிடுவோம், இருக்கும்போதும் மிகவும் குளிர்ந்தால்தான் போடுவோம் என்று சொன்னேன். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிவிட்ட நினைப்பு எனக்கு. அவர் பேனா நின்றது.

"எவ்ரி டே?"

"எஸ், எவ்ரி டே."

இரண்டு வரி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"ஏனுங்க, என்னமோ எழுதீட்டுப் போறாங்க?" என்றாள் பூங்கொடி. "இங்க பெத்தவங்க சரியா பாத்துக்கலீன்னா புள்ளய கவர்மெண்டு எடுத்துக்குமாமே. மளிகைக் கடையில அந்த ஆன்ட்டி சொன்னாங்க."

"சும்மா இரு" என்றேன். சொல்லிவிட்டு, நர்ஸ் போன வழியை எட்டிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. வீட்டுக்காரர் வந்து, சிங்க்குக்குக் கீழே படுத்து, தலைமுடி காயவைக்கும் டிரையரால் குழாய்க்கு அரை மணி நேரம் சூடு காட்டினார். தண்ணீர் உறைந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் போயிருந்தால் குழாயே வெடித்திருக்கும் என்றார். எழுந்தவர் சுவரைப் பார்த்து, இந்தத் தெர்மோஸ்டாட்டுக்கு உன்னைவிட வயது அதிகம், பிடித்ததை வாங்கி வா, மாட்டித் தருகிறேன் என்றார். தண்ணீரே கல்லாகிப்போகும் இந்த வீட்டுக்குள் ஐந்து பவுண்டு உயிரைக் கொண்டுவந்திருப்பேனே என்று நினைத்துக்கொண்டே கடைக்கு ஓடினேன்.

கடையில் இரண்டு வகைதான் எனக்குப் புரிந்தன. ஒன்று, நேரம் குறித்துக் கொடுத்தால் தானே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் டிஜிட்டல் பெட்டி. இன்னொன்று, கையால் திருப்பும் வட்டப் பெட்டி. முடிவெடுக்கத் தைரியமில்லாமல் இரண்டையும் வாங்கி, மறுநாள் ஆஸ்பத்திரியில் பூங்கொடியின் கட்டிலில் வைத்தேன்.

"டிஜிட்டல்ல கடிகாரம் இருக்குது. ஜனவரி ஒண்ணாந்தேதி வருஷம் குழம்பி நின்னுபோச்சுன்னா?" என்றேன்.

அவள் அட்டையைத் திருப்பிப் படித்தாள். "இதுக்கு வருஷமே தெரியாதுங்க, கெழமை மட்டுந்தான் தெரியும். அமெரிக்காக்காரன் கம்ப்யூட்டரயெல்லாம் காப்பாத்த வந்தவரு, ஒரு டப்பாவப் பாத்து இப்படிப் பயப்படறீங்களே!"

"பேட்டரி தீந்துபோச்சுன்னா?"

அவள் பதில் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு, நாங்கள் பார்த்திராத ஒரு பெண்மணி. நர்ஸ் எழுதிய தாள் மேலாக இருந்தது. பூங்கொடி குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். நான் ஏனோ எழுந்து கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தார். ஹீட்டருக்குச் செலவு செய்ய முடியாத குடும்பங்களுக்கு அரசாங்கம் உதவுகிறதாம். கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

எங்களுக்கு அது வேண்டாம், எனக்கு வேலை இருக்கிறது, இது எங்கள் வழக்கம், அவ்வளவுதான் என்று திக்கித் திக்கிச் சொன்னேன். தறி, பஞ்சு, பொறி என்று என்னென்னவோ சொன்னேன். அவருக்கு எது புரிந்ததோ, கட்டிலில் இருந்த பெட்டிகளைப் பார்த்துச் சிரித்தார். அறுபத்தெட்டு டிகிரிக்கு, நம் ஊர்க் கணக்கில் இருபதுக்கு, கீழே போகவேண்டாம், அப்புறம் "டோன்ட் டச் இட்" என்றுவிட்டுப் போனார்.

பூங்கொடி வட்டப் பெட்டியை என் கையில் கொடுத்தாள். "இதுல அணைக்கற சுச்சே இல்லீங்க. உங்களுக்கு இதுதான் சரி."

மகளோடு முதன்முறை டாக்டரிடம் கிளம்பிய காலையில் அம்மாவின் போன் வந்தது. நடந்ததையெல்லாம் சொன்னேன். "ஏஞ்சாமி, ஆளில்லாத ஊட்டுக்கு எதுக்கு அடுப்பெரியோணும்?" என்றாள். குழாய்க்காக என்றேன். நான் திரும்பி வருவேன் என்று ஊரில் எங்கள் வீட்டுக்கு மேலே ஓர் அறை கட்டி வைத்திருக்கிறார்கள். அதன் மெயினை மட்டும் தனியாக இறக்கியே வைத்திருக்கிறாளாம், கவலைப்படாதே என்றாள்.

போனை வைத்தேன். கை சுவரில் மாட்டியிருந்த வட்டப் பெட்டிக்குப் போனது. "கையெடுங்க" என்றாள் பூங்கொடி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கதவைப் பூட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். உள்ளே ஹீட்டர், யாருமில்லாத அறைகளுக்காக உறுமத் தொடங்கியது. அங்கே எனக்காகக் கட்டிய அறையில் ஒரு விளக்கும் எரியாது. பனியில் குழந்தையோடு நின்று அந்தச் சத்தம் சரியாகத்தான் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.