சுரண்டாமல் விட்ட பெயின்ட்

ஆயுத பூஜைக்காக என் பழைய மோட்டார் சைக்கிளின் எலெக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டியைக் கழற்றி, சட்டத்துக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, மறுபடி பூட்டினேன். அதற்குள் பூஜை நேரம் வந்துவிட்டது. இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பூஜையில் வைத்த வண்டியை மறுநாள் வரை யாரும் எடுப்பதில்லை. அதனால் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காமலே சந்தனம் வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, வண்டியின் மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டு உதைத்துக்கொண்டே இருந்தேன். இன்ஜின் ஒரு தடவைகூட இருமவில்லை. பின்சீட்டில் என் தோளைப் பிடித்திருந்த அண்ணன், "பூஜையில வச்ச வண்டிடா. சாமி எடுக்க விடமாட்டேங்குது, விடு" என்றார். டவுனிலிருந்து ஆட்டோ மேலே ஏறி வருவதற்குள் அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மெக்கானிக்கிடம் காட்டினேன். "இந்தப் பெட்டியோட எர்த் வயரு வெறும் இரும்பத் தொடணும். நீங்க பெயின்ட்டு மேலயே முடுக்கி வச்சிருக்கீங்க. கரண்டு எப்படிங்க ஓடும்?" என்று போல்ட்டுக்கு அடியில் கத்தியால் சுரண்டினார். ஒரே உதையில் வண்டி ஸ்டார்ட் ஆனது.

இப்போது எதைக் கழற்றிப் பூட்டினாலும் அந்த இடத்தைச் சுரண்டி, ஓட்டிப் பார்த்த பிறகுதான் சந்தனம் வைக்கிறேன். சாமிதான் தடுத்தது என்று நினைத்தபடியே அண்ணன் போனார். தடுத்தது என் கை என்பது அவருக்குத் தெரியாது.