ராக்கெட்டுக்கு நல்ல தண்ணி

மரக்காணத்தில் உப்பளங்களைத் தாண்டியதும், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு தகரக் கூரை ஷெட் இருக்கிறது. அதற்குள் ராக்கெட் எஞ்சினுக்கான பாகங்களை அச்சிடுகிறோம் என்று சொன்னால், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். இந்த ஊரில் ஏன் என்று கேட்டால், அது எங்கள் முதலாளியின் மாமனார் இடம். வேறு விஞ்ஞானக் காரணம் ஒன்றும் கிடையாது.

நான் அங்கே மெஷினைப் பார்த்துக்கொள்பவள். சேர்ந்த புதிதில் அதன் கண்ணாடி ஜன்னலை விட்டு நகரவே மாட்டேன். மாவைவிட நைசான நிக்கல் கலவைத் தூளை ஒரு பட்டை மெல்லிசாகப் பரப்பும். மேலிருந்து லேசர் ஓடி, வேண்டிய இடத்தை மட்டும் உருக்கும். அதன்மேல் மறுபடி தூள், மறுபடி லேசர். கடைசியில் தூளை ஒதுக்கினால், உள்ளே வளைந்து நெளிந்து போகும் வழிகளோடு ஒரே துண்டாக ஒரு பொருள் உட்கார்ந்திருக்கும். எந்த டிரில்லை வைத்தும் அந்த வழிகளைக் குடைய முடியாது. உள்ளே என்னதான் இருக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாததுதான் எனக்குத் தீராத அரிப்பு.

அந்த முறை அச்சிட்டது ஒரு இன்ஜெக்டர். எஞ்சினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் தலை, உள்ளங்கையில் அடங்கிவிடும். அதுவரை வெறும் பிராக்கெட்டுகளே செய்துகொண்டிருந்த எங்களுக்கு வந்த முதல் எஞ்சின் வேலை. உருகாத தூளையெல்லாம் தட்டி உதறி வெளியே எடுத்த பிறகுதான் உலையில் வைக்க வேண்டும். உள்ளே கொஞ்சம் தங்கினாலும் உலைச் சூட்டில் அங்கேயே இறுகிவிடும். பிறகு அந்தத் துண்டு குப்பைக்குத்தான். தட்டி எடுத்தது நான்.

உலையிலிருந்து வந்ததைக் கழுவி, காயவைத்து, காற்றை விட்டுச் சோதித்தோம். சில துளைகளில் காற்று சரியாக வரவில்லை.

"அவ்ளோதாம்மா" என்றார் முதலாளி. "தூள் உள்ளயே இறுகிடுச்சு. நாளைக்கு ராக்கெட் கம்பெனி ஆளு எடுத்துட்டுப் போக வர்றாரு. இதப் பாத்தா அடுத்த வேலை தருவாங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. உலையில் வைக்குமுன் எடை போட்டுப் பார்த்திருந்தேன், தூள் தங்கியிருந்தால் எடை கூடியிருக்கும், சரியாகத்தான் இருந்தது. லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தால், ஒரு துளையின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. எங்கள் தூள் சாம்பல் நிறம். வெள்ளை எங்கிருந்து வந்தது? ஊசி முனையால் சுரண்டி நாக்கில் வைத்துவிட்டேன்.

"ஏம்மா, பைத்தியமா உனக்கு? நிக்கல்மா அது!" என்று முதலாளி கத்தினார்.

"உப்பு சார்" என்றேன். உப்பளக் கூலியில் வளர்ந்த நாக்கு. கரிப்பின் பின்னாலேயே ஒரு கசப்பும் வந்தது. ஷெட்டின் போர் தண்ணீருக்கும் அதே ருசிதான்.

கழுவும் வேலை பார்க்கும் அக்காவைக் கூப்பிட்டோம். கடற்கரைக் குப்பத்திலிருந்து வருபவர்.

"எதுலக்கா கழுவுனீங்க?"

"போர் தண்ணிலதான். திரும்பத் திரும்ப அலசுனேனே."

"கேன்ல டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வச்சிருந்தேனே?" என்றார் முதலாளி.

"அது நல்ல தண்ணி ஆச்சே சார்! நல்ல தண்ணில யாராவது இரும்பக் கழுவுவாங்களா?"

முதலாளி சென்னைக்காரர், விழித்தார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் பக்கம் நல்ல தண்ணி குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான். பாத்திரம், துணி, உடம்பு எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணிதான். நல்ல தண்ணியில் கை கழுவினாலே வீட்டில் திட்டு விழும். பிராக்கெட்டென்றால் கழுவித் துடைத்தால் போயிற்று. மயிரிழைத் துளைக்குள் நிற்கும் உப்புத் தண்ணீரைச் சூட்டில் காயவைத்தால், உப்பளப் பாத்தியில் நடப்பதுதான் நடக்கும், தண்ணீர் வற்றி உப்பு தங்கும்.

"உப்புன்னா கரையும் சார்" என்றேன்.

கேன் தண்ணீரை வெதுவெதுப்பாகச் சூடாக்கிக் கொடுத்தேன். அக்காவே ஊற்றினார். கொஞ்சம் ஊற்றுவார், நிறுத்துவார், கை வரவில்லை. "தாராளமா ஊத்துங்கக்கா" என்று அதட்ட வேண்டியிருந்தது. ஒரு கேன் காலியாகி இன்னொன்றைத் திறந்தோம். காயவைத்து மறுபடி காற்று விட்டோம். எல்லாத் துளைகளிலும் ஒரே சீராக வந்தது. உப்பு எங்காவது அரித்திருக்கிறதா என்று லென்ஸில் ஒவ்வொரு விளிம்பாகத் தேடினேன். எதுவும் இல்லை. சத்தம் போட்டே சிரித்துவிட்டேன். முதலாளி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா மட்டும் காலிக் கேன்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முடி கொட்டுதும்மா, தலைக்கு ஊத்திக்க ஒரு கொடம் நல்ல தண்ணி குடுன்னு காலையில எம்பொண்ணு கேட்டுச்சு" என்றார். "அடிக்காத குறையா திட்டிட்டு வந்தேன்."