வெயிட்டுக்கு உட்கார்ந்தவர்கள்

என் தாய்மாமன் தன் பழைய காருக்குப் பின்னால் இடமும் வலமுமாக இரண்டு சைலன்சர் வைக்க ஆசைப்பட்டபோது நான் மூன்றாம் வகுப்பின் பாதியில் இருந்தேன். பாதியில் என்பதைத் தெரிந்துதான் சொல்கிறேன். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கோவில்பதாகையிலிருந்து கொரட்டூரில் மாமா வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. என் பெயர் பழைய பள்ளியின் வருகைப் பதிவேட்டில் இருந்தது, நான்தான் இல்லை. என் சைக்கிளும் அந்த வீட்டில்தான் நின்றது. எப்போது திரும்பிப் போவோம் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு யோசனை கிடையாது.

மாமா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். கையில் மிஞ்சியது எல்லாம் வண்டிக்குப் போனது. முதலில் வண்டியைத் தாழ்த்துவதற்காகக் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங்குகளை வாங்கிப் போட்டார். பிறகு வளைவில் வண்டி சாயாமல் இருக்க, பின்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கட்டைவிரல் பருமனான கம்பி ஒன்று. இப்படி அடியில் இருந்த இடத்தையெல்லாம் அடைத்துவிட்டு, இல்லாத இடத்தில் இரண்டு குழாய்களை நுழைக்க ஆள் தேடினார்.

அயனம்பாக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டார். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்க, அளவெடுத்துக் குழாயை வளைத்து மாட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. என்னையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு மாமா ஏரிப் பக்கம் ஒரு சுற்று போனார். முதல் வேகத்தடையிலேயே அடியில் 'டங்' என்று ஓர் இடி. இரண்டாவதில் இரண்டு இடி. சக்கரம் தொங்கியபோது கம்பிக்கும் குழாய்க்கும் நடுவில் நான்கு விரல் இடம் இருந்திருக்கிறது. வண்டி தரையில் நின்று ஆளும் ஏறியதும் ஸ்பிரிங் அமுங்கி, கம்பி மேலே வந்து குழாயை முட்டியது.

வண்டியைக் குழியின் மேல் அதன் சொந்தச் சக்கரத்தில் நிறுத்தி, உள்ளே பாரம் வைத்து, கீழிருந்து புதிதாக அளவெடுக்க வேண்டும் என்றார் பட்டறைக்காரர். பாரத்துக்கு என்ன ஏற்பாடு என்று அவர் கேட்டதற்கு, அதைத் தான் பார்த்துக்கொள்வதாக மாமா சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பாரத்துக்கு ஆள் வேண்டும் என்று மாமா கூப்பிட, பட்டறைக் குழியின் மேல் நின்ற வண்டியில் நானும் அம்மாவும் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தோம். பத்து நிமிடத்தில் பைக் ஒன்று வந்து நின்றது. அப்பா. அவரிடமும் மாமா அதே காரணத்தைத்தான் சொல்லியிருந்தார்.

"இன்னாடா இது?" என்றாள் அம்மா.

"வெயிட்டுக்குக்கா. பின்னாடி மூணு பேர் குந்தணும். வெளியாள எங்க போய் தேடறது?"

குழிக்குள்ளிருந்து பட்டறைக்காரரின் தலை எழும்பியது. "ரெண்டு மூட்ட மணல் போட்டா போதும் அண்ணாத்தே. இதுக்குப் போய் குடும்பத்தயே குந்த வச்சிகினு கீறே."

"மணல் மூட்ட எங்க அக்கா வெயிட்டுக்கு ஈடாவுமா நைனா? நீ வேலயப் பாரு."

"எறங்கி வந்தேன்னா தெரியும் என் வெயிட்டு," என்றாள் அம்மா. ஆனால் இறங்கவில்லை. அப்பா சிரிப்பை மென்றுகொண்டு மறுபக்கக் கதவைத் திறந்தார். நான் நடுவில்.

பற்றவைக்கும்போது ஆகாது என்று பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டார்கள். அதனால் பாட்டும் இல்லை, ஏசியும் இல்லை. பெட்ரோல் டேங்குக்கும் தீப்பொறிக்கும் நடுவே ஓர் ஈரக் கோணி தொங்கியது. எங்கள் பாதுகாப்பு அவ்வளவுதான். அம்மா இடப்பக்கக் கண்ணாடி வழியே பார்த்தாள், அப்பா வலப்பக்கம். யாராவது கொஞ்சம் நகர்ந்தால் கீழிருந்து குரல் வரும்.

"யாருப்பா அது ஆட்றது? அளவு மாறுதுல்ல!"

"கால் மரத்துப்போச்சுப்பா," என்றார் அப்பா.

"மரத்துட்டுப் போவுது மாமே. அப்டியே குந்து."

அம்மா சிரித்துவிட்டாள். அதன் பிறகுதான் அப்பா பேசினார்.

"பாப்பா எளச்சிட்டா."

"சரியா துன்றதில்ல."

"பைக் லோனு இந்த மாசத்தோட முடியுது."

"ம்."

கொஞ்ச நேரம் கழித்து அம்மா, "இங்க பக்கத்துல ஸ்கூல்ல கேட்டேன். டிசி இருந்தா சேத்துக்கறாங்களாம்," என்றாள்.

அப்பா முன்சீட்டின் தலைப்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்கித் தரேன்," என்றார்.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நீ வந்து பாரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"சரி."

அவ்வளவு மெதுவாக அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. கோவில்பதாகையில் ஒரு டம்ளர் வைக்கிற சத்தத்துக்கே இருவரும் குரலை உயர்த்துவார்கள். இங்கே ஒரே தண்ணீர் பாட்டிலை என் தலைக்கு மேலாக மாற்றிக்கொண்டார்கள். முன்னால் நின்ற மாமா கண்ணாடி துடைப்பதுபோல் உள்ளே பார்த்து எனக்குக் கண்ணடித்தார். நானும் அடித்தேன். எனக்கு இரண்டு கண்ணும் சேர்ந்துதான் மூடும்.

புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, கழற்றி, வெளியே வைத்து முழுதாக வெல்டிங் செய்து, மறுபடி மாட்டி முடிக்கப் பிற்பகல் ஆகிவிட்டது. பட்டறை நிழலில் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலம் சாப்பிட்டோம். அம்மா தன் முட்டையை எடுத்து அப்பாவின் இலையில் வைத்தாள். பிறகு பட்டறைக்காரரும் முன்சீட்டில் ஏறிக்கொள்ள, அதே ஏரிச் சாலைக்குப் போனோம். முதல் வேகத்தடை வந்தபோது ஐந்து பேரும் பேச்சை நிறுத்தினோம். இடிக்கவில்லை. மாமா திருப்பிக்கொண்டு வந்து வேண்டுமென்றே வேகமாக ஏற்றினார். அப்போதும் இடிக்கவில்லை.

"எப்டி?" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார் மாமா. "நம்ம வேல எப்டி?"

வண்டியின் வேகம் துளியும் கூடவில்லை, சத்தம் மட்டும் இரண்டு மடங்கானது. ஆனால் அவர் கேட்டது வண்டியைப் பற்றி மட்டுமல்ல என்பது எனக்கே தெரிந்தது. "சூப்பர் மாமா," என்றேன். பட்டறைக்குத் திரும்பியதும் அப்பா என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் பைக்கில் கிளம்பினார். வீட்டைப் பெருக்கி வைக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுவதும் என் துணிகளைப் பைக்குள் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். உள்ளே வரவில்லை. என் பழைய பள்ளியின் முத்திரை போட்ட, மடித்த காகிதம் ஒன்றை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, "சாப்ட்டியா?" என்று கேட்டாள். "சாப்ட்டேன்," என்றார். மாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வண்டியைக் கழுவப் போவதாகச் சொல்லி எழுந்து போனார்.

அப்பா என்னைத் தன்னோடு கூட்டிக்கொண்டு கிளம்பியபோது, என் பை பெரிதாக இருந்ததால் அதைப் பைக் டேங்கின் மேல் வைக்க வேண்டியிருந்தது. ஒருநாளைக்கு எதற்கு இவ்வளவு துணி என்று அப்பா கேட்டார். சாயங்காலம் என்னையும் பையையும் கொண்டுவந்து விட்டார். பிறகு மூன்று பள்ளிகள் மாறினேன், எதிலும் கடைசிவரை இல்லை.

அவர்களுக்குள் சண்டை தீர்ந்துவிட்டது என்று நான் காருக்குள் உட்கார்ந்து நினைத்தது தவறில்லை. அன்றைக்குப் பிறகு அவர்கள் சண்டையே போட்டதில்லை. சண்டை போடுகிற அளவுக்குக்கூட ஒருவரிடம் ஒருவருக்கு வேண்டியது எதுவும் மிச்சமில்லை என்பதுதான் அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.